சாகிற மூளையை அறிவியல் படிக்க முடியுமா?

திண்ணைவாசி, 7 ஜூன் 2024, மாலை 6.10

சாவு அறிவியலுக்கு எட்டாத சரக்கு. அது என் கட்சி. கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர். செத்தவன் எவனும் வந்து சொன்னதில்லை, வந்து சொன்னவன் எவனும் செத்ததில்லை. ஆனா யூடியூப்ல ஒருத்தர் "சாகும்போது 30 வினாடி வாழ்க்கை முழுக்கப் படமா ஓடுது, விஞ்ஞானிங்க நிரூபிச்சுட்டாங்க"ன்னு அடிச்சு விடுறார். ஈஈஜி, அதாவது மூளையோட மின் அலையைக் கோடா பதியற டெஸ்ட், எடுக்கிறவங்க யாராவது இங்க இருந்தா சொல்லுங்க. நிஜமா, கப்சாவா?

வைகைக்கரை, 7 ஜூன், இரவு 10.40

எடுக்கிறவள் நான். மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில ஈஈஜி டெக்னீஷியன். டாக்டர் இல்ல, முதல்லயே சொல்லிடுறேன். கோடு எடுத்துக் கொடுக்கிறது என் வேலை, அதுக்கு அர்த்தம் எழுதுறது நரம்பியல் டாக்டர் வேலை.

அந்த 30 வினாடிக் கதைக்குப் பிறந்த ஊர் கனடாவில வான்கூவர். 87 வயசுப் பெரியவர். கீழ விழுந்து மண்டைக்குள்ள ரத்தம் கட்டி ஆபரேஷன் ஆகியிருந்துச்சு. அப்புறம் வலிப்பு வந்ததால தலையில ஈஈஜி மாட்டியிருந்தாங்க. மாட்டியிருக்கும்போதே இதயம் நின்னுபோச்சு. நெஞ்சை அமுக்கி எழுப்பப் பார்க்க வேண்டாம்னு ஏற்கனவே முடிவு. மெஷின் பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்துச்சு. மொத்தம் 900 வினாடி பதிவு. 2022ல கட்டுரையா வந்துச்சு. இதயம் நிக்கிறதுக்கு முன்னாடி 30 வினாடியும் பின்னாடி 30 வினாடியும் எடுத்துப் பார்த்தா, மத்த அலைகளை விட காமாங்கிற வேகமான மூளை அலையோட பங்கு கூடியிருக்கு. பதிவுல இருக்கிறது அவ்வளவுதான்.

நாம பழசை நினைச்சுப் பார்க்கும்போதும் காமா வரும். அதனால அவரும் பழசை நினைச்சிருக்கலாமோன்னு எழுதினவங்களே ஒரு ஊகமா சொன்னாங்க. காமா கனவு காணும்போதும் வரும், ஒண்ணை உத்துக் கவனிக்கும்போதும் வரும். அவங்க போட்ட "கலாமோ" யூடியூப் வந்து சேர்றதுக்குள்ள "நிரூபிச்சுட்டாங்க" ஆயிடுச்சு. இருக்கிறது ஒரே ஒரு ஆள். அடிபட்ட மூளை, வலிப்பு, வலிப்புக்கான மருந்து. இதை வெச்சு உலகத்துல எல்லாரும் சாகிறது எப்படின்னு சொல்ல முடியாது.

கப்சான்னும் சொல்ல மாட்டேன். பதிவு நிஜம்.

வைகைக்கரை, 8 ஜூன், காலை 6.15

காபி ஆறுறதுக்குள்ள ஒண்ணு சேர்த்துடுறேன். தசை.

காமான்னா சுமார் 30 ஹெர்ட்ஸுக்கு மேல துடிக்கிற வேகமான அலை. தலைத்தோல் மேல லீட் (மின் அலையை வாங்குற சின்ன ஒயர் முனை) ஒட்டி எடுக்கும்போது அந்த வேகத்துல வர்றது எல்லாம் மூளை இல்ல. தாடை, நெத்தி, கழுத்துத் தசைங்க சேர்ந்து கத்துது. டெஸ்ட்டுக்கு வந்தவங்க பல்லைக் கடிச்சாங்கன்னா நெத்திப்பொட்டுப் பக்கத்து லீட் ரெண்டும் கறுப்பா அப்பிக்கும். "வாயை லேசாத் திறந்து வைங்கம்மா, தாடையைத் தொங்க விடுங்க"ன்னு சொன்னதும் கோடு இளைச்சுடும். தினம் நடக்கிறது.

2007ல ஆஸ்திரேலியாவில ஃப்ளின்டர்ஸ் பல்கலைக்கழகத்துல துணிஞ்சு ஒரு வேலை பண்ணாங்க. முழு நினைவோட இருக்கிற ஆளுங்களுக்குத் தசையை மட்டும் முடக்குற மருந்தைக் கொடுத்து ஈஈஜி எடுத்தாங்க. 20 ஹெர்ட்ஸுக்கு மேல இருந்ததுல பெரும்பகுதி காணாமப் போச்சு. அத்தனையும் தசை.

இப்ப யோசிங்க. சாகிற உடம்பு அசையாமலா கிடக்கு? மேல்மூச்சு வாங்குது, தாடை இழுக்குது. அந்த நேரத்துல வர்ற காமாவை நான் நம்பணும்னா தாடையில தனியா ஒரு லீட் இருக்கணும்.

வைகைக்கரை, 8 ஜூன், பகல் 1.50

"அப்ப எலிக்கு என்ன சொல்றீங்க?"ன்னு திண்ணைவாசி மடக்குறார். சரியான கேள்வி.

அமெரிக்காவில மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ஜிமோ போர்ஜிகின்னு ஒரு அம்மா. 2013ல 9 எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, இதயத்தை நிறுத்தி, மூளையைப் பதிஞ்சாங்க. நின்ன முதல் 30 வினாடிக்குள்ள காமா கிளம்புது, அதுவும் மூளையோட முன்பக்கமும் பின்பக்கமும் ஒத்துத் துடிக்குது. இது தோல் மேல ஒட்டின லீட் இல்ல, மண்டைக்குள்ள பொருத்தினது. அதனால என் தசைக் குற்றச்சாட்டு இங்க அவ்வளவா எடுபடாது.

அதே குழு 2023ல 4 மனுஷங்களோட பதிவை வெளியிட்டாங்க. நாலு பேரும் கோமாவில இருந்தவங்க, இனி மீள மாட்டாங்கன்னு குடும்பம் சம்மதிச்சு வென்டிலேட்டரை எடுத்தாங்க. 2 பேருக்குக் காமா எழும்புச்சு, 2 பேருக்கு இல்ல. எழும்பின இடம் நெத்திப்பொட்டுக்கும் பிடரிக்கும் நடுவுல, கனவோடயும் நினைவோடயும் சம்பந்தப்படுத்திப் பேசுற பகுதி. அந்த 2 பேருக்கும் முன்னாடி வலிப்பு வந்த சரித்திரம் உண்டு. ஆனா சாகிறதுக்கு முந்தின ஒரு மணி நேரத்துல வலிப்பு இல்லைன்னு பார்த்துட்டுத்தான் எழுதியிருக்காங்க.

"அணையப்போற விளக்கு பிரகாசமா எரியும்"னு நம்ம பாட்டிங்க அப்பவே சொல்லிட்டாங்கன்னு இங்க நாலு பேர் எழுதியாச்சு. பாட்டிங்க சொன்னது படுத்த படுக்கையா கிடந்தவர் திடீர்னு எழுந்து உட்கார்ந்து "ரசஞ்சோறு கொடு"ன்னு கேட்கிறதை. அது மணிக்கணக்குல, நாள்கணக்குல நடக்கிற விஷயம். இது வினாடிக் கணக்கு. ரெண்டையும் ஒரே திரியில கொளுத்த வேண்டாம்.

வைகைக்கரை, 8 ஜூன், பகல் 2.05

சிரிக்கிறதுக்கு ஒண்ணு. கனடாவில ஏட்ரியன் அப்டன்னு ஒரு நரம்பியல் டாக்டர், எலுமிச்சை ஜெல்லியை ஐசியூவில வெச்சு அது மேல ஈஈஜி லீட் மாட்டினார். அலை வந்துச்சு. சுத்தியிருக்கிற மெஷின், குழாய், நடமாட்டம் எல்லாம் ஜெல்லி வழியா கோட்டுக்கு ஏறிடுச்சு. ஜெல்லிக்கு உயிர் இருக்குன்னு பேப்பர்ல வேடிக்கையா எழுதினாங்க. அவர் சொல்ல வந்தது எங்க மாதிரி ஆளுங்களுக்கு: ஐசியூவில கோடு ஆடுதேன்னு அவசரப்படாதே.

வைகைக்கரை, 9 ஜூன், இரவு 9.30

இன்னிக்கு ஞாயிறு, நேரம் இருக்கு. ஐசியூவில அடங்கின மூளைக்குக் கோடு எப்படி எடுப்பீங்கன்னு சிலர் கேட்டிருந்தீங்க.

சாதாரண டெஸ்ட்ல கோடு ஒரு மில்லிமீட்டர் ஏறினா 7 மைக்ரோவோல்ட்னு வெச்சுக்குவோம். மூளை அடங்கிடுச்சான்னு பார்க்கிற பதிவுக்கு அதை 2க்குக் கொண்டு வரணும். அதாவது மூணு மடங்குக்கு மேல பெருசாக்கிப் பார்க்கிறோம். லீட்டுக்கும் லீட்டுக்கும் 10 சென்டிமீட்டராவது இடைவெளி. 30 நிமிஷம் ஓடணும். அவ்வளவு பெருசாக்கினா என்ன ஆகும்? உலகத்துல இருக்கிற அத்தனையும் உள்ள வரும்.

போன வருஷம் ஒரு ராத்திரி. பைக் ஆக்சிடெண்ட், சின்னப் பையன். தலைமுடியில காஞ்ச ரத்தம், அதை ஸ்பிரிட் பஞ்சால துடைச்சுத்தான் பேஸ்ட் வைக்கணும், இல்லைன்னா லீட் பிடிக்காது. ஓட விட்டேன். மெதுவா, அழகா, அலை மாதிரியே ஒண்ணு வருது. பக்கத்துல நின்ன சிஸ்டர் என் முகத்தைப் பார்க்கிறாங்க. வென்டிலேட்டர் குழாய் வளைவுல தண்ணி தேங்கியிருந்துச்சு, மூச்சு தள்ளும்போதெல்லாம் அது ஆடுது. தண்ணியை வடிச்சோம், அலை போச்சு. அப்புறம் கூர் கூரா முனை. ட்ரிப்ஸ் சொட்டு விழுற தாளத்துக்கு வருது. ஒரு நிமிஷம் ட்ரிப்ஸை நிறுத்தச் சொன்னேன், முனை நின்னுச்சு. ஏர் பெட் மோட்டாரை பாயிண்ட்லருந்து பிடுங்கினோம், 50 ஹெர்ட்ஸ் கரகரப்பு குறைஞ்சது. புறங்கையில ரெண்டு லீட் தனியா ஒட்டியிருந்தேன். கையில வர்றதே தலையிலயும் வந்தா அது மூளை இல்ல, அறை. கடைசியா எதை எடுத்தும் போகாம நின்னது இதயத்துடிப்பு மட்டும். எல்லா வரியிலயும் ஒரே நேரத்துல சின்னச் சின்னப் புள்ளி. பையன் இதயம் நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு.

மெஷினைத் தள்ளிக்கிட்டு வெளிய வர்றேன், கதவுகிட்ட அவங்க அம்மா. "கோடு ஓடுதாம்மா?" ஓடுச்சுன்னா பொய். ஓடலன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. "டாக்டர் வந்து சொல்லுவாங்கம்மா"ன்னேன். இந்த வேலையில ரொம்பப் பழகிப்போன வாக்கியம் அது, இன்னும் சரளமா வரல.

சட்டம் பேசுறவங்களுக்கு: நம்ம நாட்டுல மூளைச்சாவு அறிவிக்க ஈஈஜி கட்டாயம் இல்ல. 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி 4 பேர் கொண்ட மருத்துவர் குழு, 6 மணி நேர இடைவெளியில ரெண்டு தடவை, மூளைத்தண்டு (மூச்சை ஓட்டுற மூளையோட அடிப்பகுதி) வேலை செய்யுதான்னு பரிசோதிக்கணும். ஈஈஜி டாக்டர் கூடுதலா கேட்டா எடுப்போம். அது மூளையோட மேல்பட்டையைத்தான் கேட்கும், தண்டை இல்ல.

வைகைக்கரை, 10 ஜூன், காலை 7.00

"மூளைச்சாவு எல்லாம் உறுப்புக்காகக் கட்டின கதை, அது ஒரு வகை கோமா"ன்னு ஒரு அன்பர். இந்த இழையில இது வரும்னு தெரியும்.

கோமாவில இருக்கிறவர் தானா மூச்சு விடலாம், கண்ணுல வெளிச்சம் அடிச்சா பாப்பா சுருங்கலாம், தொண்டையில குழாய் பட்டா இருமலாம். மூளைத்தண்டு செத்தவருக்கு இதுல ஒண்ணும் கிடையாது. கடைசிப் பரிசோதனையில வென்டிலேட்டரைக் கழட்டிட்டு, மூச்சுக்குழாய் வழியா ஆக்சிஜனை மட்டும் விட்டுக்கிட்டு நெஞ்சையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க. ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு 60 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டணும். மூளைத்தண்டுல துளி உயிர் இருந்தாலும் அந்த அளவுல நெஞ்சு ஒரு தடவையாவது எழும்பும். எழும்பலன்னா எழும்பலதான்.

கை தூக்கினார், நெஞ்சுல வெச்சார்னு நீங்க கேள்விப்பட்டது உண்மையா இருக்கலாம். லாசரஸ் அசைவுன்னு பேர் வெச்சிருக்காங்க. முதுகெலும்புக்குள்ள ஓடுற தண்டுவடம், மூளை இல்லாமலே தனியா பண்ற வேலை. உறவுக்காரங்க அதைப் பார்த்துட்டா அப்புறம் எந்த விளக்கமும் உள்ள இறங்காது, அதுல அவங்களைக் குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

உறுப்புக்காகக் கட்டின கதைன்னா, பிரெஞ்சு டாக்டருங்க மொல்லாரேயும் குலோனும் "கோமாவுக்கும் அப்பால்"னு ஒரு நிலை இருக்குன்னு எழுதினது 1959. முதல் இதய மாற்று ஆபரேஷன் 1967. ஹார்வர்டு குழு 1968ல வரையறை எழுதினப்ப உறுப்பு தேவையும் மேசையில இருந்துச்சு, அவங்களே அதை அறிக்கையில சொல்லியிருக்காங்க. ஆனா நிலையைக் கண்டுபிடிச்சது வென்டிலேட்டர். அது வர்றதுக்கு முன்னாடி மூளை செத்தா கொஞ்ச நேரத்துல இதயமும் நின்னுடும், ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க வாய்ப்பே கிடையாது. விபத்துல மூளைச்சாவு ஆகி உறுப்பு தானம் பண்ணப்பட்ட 2008 ஹிதேந்திரனைத் தமிழ்நாட்டுக்காரங்க மறந்திருக்க மாட்டீங்க. அவனைப் பெத்தவங்க ரெண்டு பேருமே டாக்டர். தெரிஞ்சுதான் கொடுத்தாங்க.

இதுக்கு மேல இந்தச் சண்டைக்கு நான் வரல.

வைகைக்கரை, 10 ஜூன், இரவு 11.20

"பாடையில வைக்கும்போது முழிச்சுக்கிட்டார்" கதை ஊருக்கு ஒண்ணு இருக்கு. அதுல பாதி, நாடி பார்த்தவர் சரியாப் பார்க்கலங்கிற கதை. மிச்சத்துக்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கு. கனடா, செக் நாடு, நெதர்லாந்து, மூணு நாட்டு ஐசியூங்க சேர்ந்து பண்ணது, 2021ல வந்துச்சு. உயிர்காப்புக் கருவி எடுக்கப்பட்ட 631 பேர். அதுல 480 பேரோட மானிட்டர் பதிவை வினாடி வினாடியா பார்த்திருக்காங்க. 67 பேருக்கு நாடி நின்ன பிறகு இதயம் தானா ஒரு கொஞ்சம் திரும்பத் துடிச்சிருக்கு. அதிகபட்ச இடைவெளி 4 நிமிஷம் 20 வினாடி. ஒருத்தரும் பிழைக்கல, கண் திறக்கல. ஆனா இதயம் ஒரே அடியா நிக்கிறதில்ல, விட்டு விட்டு நிக்குது.

நின்னதும் 5 நிமிஷம் காத்திருங்கன்னு பல நாட்டுல விதி வெச்சிருக்கிறதுக்கு இது ஒரு நல்ல ஆதாரம்.

வைகைக்கரை, 12 ஜூன், அதிகாலை 5.40

ராத்திரி டியூட்டி முடிஞ்சு எழுதுறேன். இந்த இழையில காமாவுக்கே மாலை போட்டுக்கிட்டிருக்கோம். என்னைக் கேட்டா அதைவிடப் பெரிய விஷயம் வேற.

இதயம் நின்னா சுமார் 10 வினாடியில நினைவு போயிடும், அரை நிமிஷத்துக்குள்ள தோல் மேல எடுக்கிற ஈஈஜி படுத்துடும். உடம்பு எடையில மூளை 2 சதவீதம்தான், ஆனா உடம்பு செலவழிக்கிற சக்தியில 20 சதவீதம் அதுக்கு வேணும். வரவு நின்னதும் நரம்பணுக்கள் பேச்சை நிறுத்திடுது. பேச்சைத்தான் நிறுத்துது. செல்லுக்கு உள்ளயும் வெளியயும் இருக்கிற மின்வித்தியாசத்தை இன்னும் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்குது. சில நிமிஷம் கழிச்சு, கையிருப்பு தீர்ந்ததும், அயனிகளைத் தள்ளுற பம்பு நிக்குது. அப்ப ஒரு இடத்துல அந்த வித்தியாசம் பொத்துன்னு சரியும், சரிவு அப்படியே பக்கத்துக்குப் பரவும், நிமிஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்துல. 1944ல பிரேசில்காரர் லியாவ் முயல் மூளையில முதல்ல பார்த்த அலை குடும்பம் இது. பெர்லின்ல யென்ஸ் டிரையரும் அமெரிக்காவில சின்சினாட்டிக்காரங்களும் சேர்ந்து 9 நோயாளிங்ககிட்ட, சாகும்போது இதைப் பதிஞ்சு 2018ல எழுதினாங்க. வேற சிகிச்சைக்காக மூளைப்பட்டை மேலயோ உள்ளயோ ஏற்கனவே லீட் பொருத்தியிருந்தவங்க.

இதுல என்னை உலுக்கினது: அந்தச் சரிவு வந்த பிறகும் உடனே எல்லாம் முடிஞ்சிடறதில்ல. ரத்தம் சீக்கிரம் திரும்பினா செல் மீளும், தாமதமானா மீளாது. அந்த நேரத்துல நான் லீட் வெச்சிருந்தா என் ஸ்கிரீன்ல தெரியறது வெறும் நேர்கோடு. எங்க மெஷின்ல ரொம்ப மெதுவா போற அலையை வடிகட்டித் தள்ளிடுவோம், இல்லைன்னா வேர்வைக்கே கோடு மலை ஏறும். அப்ப இத்தனை காலமா "ஒண்ணும் இல்ல"ன்னு நான் சுருட்டி வெச்ச எத்தனை பதிவுக்கு அடியில அது போய்க்கிட்டிருந்துச்சோ.

2019ல யேல் பல்கலைக்கழகத்துல நெனாத் செஸ்டான் குழு இன்னும் ஒரு படி போச்சு. இறைச்சிக்கூடத்துலருந்து வந்த 32 பன்றித் தலை, வெட்டி 4 மணி நேரம் ஆனது. ரத்தத்துக்குப் பதிலா ஒரு திரவத்தை 6 மணி நேரம் ஓட விட்டாங்க. செல்கள் சர்க்கரையை எரிக்க ஆரம்பிச்சது, ரத்தக்குழாய் மருந்துக்குப் பதில் கொடுத்துச்சு. மொத்த மூளையும் சேர்ந்து துடிக்கிற ஈஈஜி வரல. வந்துடக் கூடாதுன்னு திரவத்துலயே நரம்பை அமர்த்துற மருந்தைக் கலந்திருந்தாங்க. ஒருவேளை வந்தா உடனே கொடுக்க மயக்க மருந்தும் தயாரா இருந்துச்சு. 4 மணி நேரத்துக்கு முன்னாடி செத்த பன்றி வலியை உணர்ந்துடுமோன்னு ஒரு ஆய்வுக்கூடம் பயந்திருக்கு.

முதல் நாள் திண்ணைவாசிக்கு மனசுக்குள்ள நான் வெச்சிருந்த பதில், "சாவைப் படிக்க முடியாது, சாகிறதைப் படிக்கலாம்"ங்கிறது. இப்ப அந்த ரெண்டுக்கும் நடுவுல எங்க கோடு கிழிக்கிறதுன்னே எனக்குப் புரியல.

வைகைக்கரை, 13 ஜூன், இரவு 10.00

சாவு வரைக்கும் போய்த் திரும்பினவங்க பக்கம் வருவோம். நெதர்லாந்துல பிம் வான் லோமல்னு ஒரு இதய டாக்டர் 2001ல எழுதினது: 10 ஆஸ்பத்திரி, இதயம் நின்னு மீட்கப்பட்ட 344 பேர், அதுல 62 பேர் ஏதோ ஒரு அனுபவம் சொன்னாங்க. 18 சதவீதம். மிச்சப் பேருக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல, அதை யாரும் யூடியூப்ல போடுறதில்ல.

உடம்பை விட்டு மேல மிதந்து பார்த்தேன்னு சொல்றாங்களே, அதைச் சோதிக்க சாம் பார்னியான்னு ஒரு டாக்டர் ஒரு வழி கண்டுபிடிச்சார். மேல இருந்து பார்த்தா மட்டும் தெரியற மாதிரி அலமாரி அடிச்சு, அதுல படம் வெச்சார். 2014ல முடிவு வந்துச்சு. 2060 இதய நிறுத்தம், பேட்டி கொடுக்கிற நிலையில மிஞ்சினவங்க 140 பேர். அதுல பெரும்பாலானவங்களுக்கு இதயம் நின்னது அலமாரியே இல்லாத அறையில! ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறவ நான், எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, பரிதாபமாவும் இருந்துச்சு. எந்த பெட்டுல நிக்கும்னு யாருக்குத் தெரியும்?

ரெண்டாவது சுத்து 2023ல. 567 பேர், பிழைச்சவங்க 53, பேட்டி கொடுத்தவங்க 28, ஏதோ நினைவு சொன்னவங்க 11. நெஞ்சை அமுக்கிக்கிட்டிருக்கும்போதே ஈஈஜியும் எடுத்தாங்க. சிலருக்கு 35லருந்து 60 நிமிஷம் வரைக்கும் கூட இடையிடையே உருப்படியான அலை வந்ததா எழுதியிருக்காங்க. நெஞ்சை அமுக்கும்போது கோடு என்ன பாடு படும்னு தெரிஞ்சவ நான், அதனால அந்த இடத்தை ரெண்டு தடவை படிச்சேன். அமுக்கிறதை நிறுத்தி நாடி பார்க்கிற அந்த இடைவெளியில எடுத்தது. சரி, ஒத்துக்கிறேன்.

ஆனா அங்கயும் அலைப் பதிவு இருந்தவரும் நினைவு சொன்னவரும் ஒரே ஆளா அமையல.

திண்ணைவாசி, உங்க விண்டிலர் கண்டிலரை இப்படித்தான் திருத்தி எழுதணும். வான்கூவர் பெரியவருக்குக் கோடு இருக்கு, அவர் வந்து சொல்லல. வான் லோமலோட 62 பேர் வந்து சொன்னாங்க, கோடு இல்ல. மிச்சிகன் 4 பேரும் வரல. எலி பேசாது. என் வேலையில நான் பார்த்த சிக்கல் முழுக்க இங்கதான் இருக்கு. இது சாவோட ரகசியம் இல்ல, ரெண்டு பதிவேடு வேற வேற அலமாரியில கிடக்கிற பிரச்சினை. ஒரே ஒரு ஆளுக்கு ரெண்டும் கிடைச்சாலும் போதும், அப்புறம் பேசுறதுக்கு விஷயம் இருக்கும்.

வைகைக்கரை, 13 ஜூன், இரவு 10.25

மேல மிதக்கிறது பத்தி ஒரு வரி. ஜெனீவாவில ஓலாஃப் பிளாங்கேன்னு ஒரு நரம்பியல் டாக்டர் 2002ல, வலிப்பு நோயாளி ஒரு அம்மாவுக்கு வலது பக்க மூளையில ஒரு இடத்தை மின்சாரத்தால தூண்டினப்ப, "நான் படுத்திருக்கிறதை மேல இருந்து பார்க்கிறேன்"னாங்க. காலும் இடுப்பும் மட்டும் தெரிஞ்சுதாம். அவங்க சாகல, நல்லா முழிச்சுக்கிட்டிருந்தாங்க.

வைகைக்கரை, 15 ஜூன், மாலை 5.30

சுரங்கம், வெளிச்சம், பூந்தோட்டம்னு வெள்ளைக்காரங்க சொல்றாங்க, நம்மாளுங்களுக்கு என்ன வருதுன்னு கேட்டிருக்கார் ஒருத்தர். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில இருந்த சத்வந்த் பஸ்ரிச்சாவும் இயன் ஸ்டீவன்சனும் 1986ல 16 கேஸ் எழுதினாங்க, வடக்கத்தி ஆளுங்க. அதுல எமதூதர் வந்து இழுத்துட்டுப் போறாங்க. அங்க ஒருத்தர் நோட்டைப் பிரிச்சுப் பார்க்கிறார். "இவன் இல்லைப்பா, அதே பேர்ல வேற ஒருத்தன்"னு திருப்பி அனுப்பிடுறாங்க. தன் உடம்பை மேல இருந்து பார்த்ததா அந்த 16 பேர்ல யாரும் சொல்லல.

எங்க பெரியப்பாவும் டைஃபாய்டுல படுத்து எழுந்தப்ப இதையேதான் சொல்லுவாராம், "ஆள் மாறிப்போச்சுன்னு விட்டுட்டாய்ங்க"ன்னு. சித்திரகுப்தன் ஆபீஸும் தாலுகா ஆபீஸ் கணக்காத்தான் நடக்குது போல. அமெரிக்கனுக்கு ஒளி, நமக்கு கிளார்க்.

சிரிச்சாலும் இதுல விஷயம் இருக்கு. போன இடம் ஒண்ணுன்னா ஊருக்கு ஊரு ஏன் மாறணும்? மூளை கையில கிடைச்ச ஊர்க்கதையை எடுத்து இடைவெளியை அடைச்சுக்குதுன்னு நான் நினைக்கிறேன். எங்க அக்கா இதை ஒத்துக்க மாட்டா. "அவங்கவங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி வர்றாரு"ம்பா. அவகூட வாதாடி ஜெயிச்சவங்க குடும்பத்துல இல்ல.

வைகைக்கரை, 15 ஜூன், மாலை 6.10

உயிருக்கு எடை இருக்கான்னு தராசு போட்டவங்க கதை கேட்டீங்க. 1907ல அமெரிக்காவில மெக்டூகல்னு டாக்டர், சாகிறவங்களைக் கட்டிலோட தராசுல வெச்சார். 6 பேர், அதுல முதல் ஆளுக்கு முக்கால் அவுன்ஸ் குறைஞ்சது, அதான் அந்தப் பேர்பெற்ற 21 கிராம். மத்தவங்களுக்கு அதே மாதிரி வரல. 15 நாய்க்கும் போட்டார், ஒண்ணும் குறையல.

அவருக்கு ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஆள் நம்ம பக்கத்துலயே இருக்கார். பௌத்தர்களோட தீக நிகாயம்ங்கிற நூல்ல வர்ற பாயாசிங்கிற சிற்றரசர். திருடனை உயிரோட ஜாடியில போட்டு வாயை ஈரத்தோலும் களிமண்ணும் வெச்சு அடைச்சு அடுப்புல ஏத்தி, அப்புறம் மெதுவாத் திறந்து உயிர் வெளிய வருதான்னு பார்த்தாராம். இன்னொருத்தனை உயிரோடயும், கழுத்தை நெரிச்சுக் கொன்னுட்டும் எடை போட்டார். செத்த பிறகு எடை கூடுச்சுன்னார். மெக்டூகலுக்குக் குறைஞ்சது, பாயாசிக்குக் கூடுச்சு. தராசைத்தான் முதல்ல சோதிச்சிருக்கணும். பாயாசிக்கு நெறிமுறைக் குழு ஒண்ணும் தேவைப்பட்டிருக்கும்.

வைகைக்கரை, 18 ஜூன், இரவு 9.50

சாவை உள்ள இருந்தே ஆராய்ஞ்சவர்னு ரமணரை இழுத்துட்டு வந்துட்டீங்க. மதுரைக்காரியா இதுக்குப் பதில் சொல்லியே ஆகணும். 1896, சொக்கப்ப நாயக்கன் தெரு, சித்தப்பா வீட்டு மாடி, 16 வயசுப் பையன். திடீர்னு சாவு பயம். ஓடிப்போய் யாரையும் கூப்பிடல. கையைக் காலை நீட்டி, உடம்பை விறைப்பா வெச்சு, உதட்டை இறுக்கி, சரி செத்துட்டேன்னு வெச்சுக்குவோம், என்ன மிஞ்சுதுன்னு பார்ப்போம்னு படுத்துட்டார். அந்தத் தெரு வழியா போகும்போதெல்லாம் எனக்கு அந்த தைரியம் ஞாபகம் வரும். ஆனா அவர் மூளை சாகல. இதயம் ஓடுச்சு, ரத்தம் ஓடுச்சு. அவர் ஆராய்ஞ்சது "நான்" எதுங்கிறதை. இந்த இழையோட கேள்வி வேற.

நம்ம கேள்விக்கு நெருங்கினது திபெத்தியத் துறவிங்க சொல்ற துக்தம். மூச்சு நின்ன பிறகும் தியானத்துல உட்கார்ந்த மாதிரி, உடம்பு நாள்கணக்குல கெடாம இருக்கும்னு சொல்றாங்க. அமெரிக்க மூளை ஆய்வாளர் ரிச்சர்டு டேவிட்சனோட குழு இந்தியாவில இருக்கிற திபெத்தியர்கள் மத்தியில கருவிகளோட காத்திருந்து 13 பேருக்கு ஈஈஜி எடுத்தாங்க. 2021ல கட்டுரை. அலை எதுவும் இல்லைன்னு நேர்மையா எழுதியிருக்காங்க. ஒரே குறை, இருக்கிறதுல சீக்கிரமா எடுத்த பதிவே இறந்து 26 மணி நேரம் கழிச்சு. மடத்துக்குப் போய்ச் சேரணும், அனுமதி வாங்கணும், பெரியவங்க பிரார்த்தனை முடியணும். முதல் ஒரு மணி நேரம் இன்னும் காலியாத்தான் கிடக்கு.

வைகைக்கரை, 21 ஜூன், காலை 11.15

"காது கடைசி வரைக்கும் கேட்குமா?" தனி மடல்ல கேட்டவருக்கு, பேர் போடாம இங்கயே பதில். மத்தவங்களுக்கும் ஆகும்.

வான்கூவர்ல ஒரு ஹாஸ்பிஸ்ல (சாகப்போறவங்களைப் பராமரிக்கிற இடம்), பேச்சு மூச்சில்லாம கிடக்கிறவங்களுக்கு, கடைசி மணி நேரங்கள்ல, ஒரே மாதிரி ஒலியைப் போட்டுக்கிட்டே இருந்து நடுவுல மாத்தினாங்க. 2020ல வந்துச்சு. அந்த மாற்றத்துக்குச் சிலரோட மூளை, நல்லா இருக்கிற வாலிபப் பசங்களோட மூளை மாதிரியே பதில் கொடுத்திருக்கு. ஒலி போய்ச் சேருது. வார்த்தை புரியுதா, குரல் யாருதுன்னு தெரியுதாங்கிறதை இந்தச் சோதனை சொல்லாது.

எங்க அம்மா வீட்டுலதான் போனாங்க. ரெண்டு நாளா இழுத்துக்கிட்டிருந்துச்சு. சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா வாயில பால் ஊத்துறாங்க. இது தொண்டையில இறங்காது, மூச்சுக்குழாய்க்குப் போகும்னு எனக்குத் தெரியும். ஒரு சொட்டு பஞ்சுல நனைச்சு உதட்டுல தடவுங்கன்னு சண்டை போட்டேன். "படிச்ச திமிரு"ன்னு ஒரு சித்தி. அப்புறம் அம்மா காதுகிட்ட குனிஞ்சு, வீட்டுப் பத்திரம் பீரோ சாவி பத்தி எல்லாம் கவலைப்படாத, நாங்க பார்த்துக்கிறோம்னு சொன்னேன். கேட்டுச்சான்னு எனக்கு ஆய்வு வேண்டாம். அந்த ராத்திரி தலையில லீட் மாட்டலாம்னு ஒரு நினைப்பு கூட எனக்கு வரல, மெஷின் இருக்கிற இடமும் தெரியும், மாட்டவும் தெரியும். அப்ப யாராவது "ஆராய்ச்சிக்கு மாட்டிக்கட்டுமா"ன்னு அந்த அறைக்குள்ள வந்திருந்தா விரட்டியிருப்பேன்.

அதனாலதான் சொல்றேன், இத்தனை வருஷத்துல உலகம் பூராவும் கையில கிடைச்ச மனுஷப் பதிவு இவ்வளவு கம்மி. வேற காரணத்துக்காக மாட்டின லீட், கழட்டறதுக்குள்ள வந்த சாவு.

வைகைக்கரை, 22 ஜூன், இரவு 8.40

"உங்களுக்குன்னா சம்மதிப்பீங்களாக்கா?"ன்னு ஒரு தம்பி. சம்மதிப்பேன், எழுதியும் கொடுப்பேன். நிபந்தனை இருக்கு. ரொம்ப மெதுவான அலையையும் வடிகட்டாம பதியணும். தாடையில ஒரு லீட், புறங்கையில ரெண்டு. வீட்டு ஆளுங்க காதுகிட்ட வந்து பேசணும்னா அதுக்குக் குறுக்க ஒயரை நீட்டி வைக்கக் கூடாது. என் புள்ளைங்க அப்ப விரட்டிட்டாங்கன்னா ஆராய்ச்சிக்காரங்க பேசாமப் போயிடணும்.

வைகைக்கரை, 22 ஜூன், இரவு 8.55

நடுவுல ஒருத்தர், "நாளைக்கழிச்சு எனக்கு ஈஈஜி டெஸ்ட், மொட்டை அடிக்கணுமா"ன்னு கேட்டிருக்கார், யாரும் கண்டுக்கல. வேண்டாம்ப்பா. முந்தின ராத்திரி ஷாம்பு போட்டு தலைக்குக் குளிங்க, எண்ணெய் மட்டும் வைக்காதீங்க. சாப்பிட்டுட்டு வாங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டரைக் கேளுங்க.